நம் ஊர் நாய்களுக்கு ஒரு சிகிச்சை அறை: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், சென்னை, திருப்பூர், பெங்களூரு, சிங்கப்பூர் என்று வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மந்தைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பழைய ரேஷன் கடைக் கட்டடத்தை ஊராட்சி நம் நாய் நலக் கமிட்டிக்குக் கொடுத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் அறையாக மாற்றப் போகிறோம். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் சம்பளம் இல்லாமல் வந்து பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார். போக்குவரத்துச் செலவு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். ஆக, இடமும் கிடைத்தது, ஆளும் கிடைத்தார். கருவிக்கும் மருந்துக்கும்தான் உங்களிடம் வருகிறோம். இது தலைக்கட்டு வரி இல்லை. மனம் உள்ளவர்கள் கொடுத்தால் போதும். நாய் வளர்க்காத வீட்டில் கேட்கக் கூடாது என்று கமிட்டியிலேயே சிலர் சொன்னார்கள். அப்படியும் ஏன் கேட்கிறோம் என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாய்க்குப் பேர் போன வட்டாரம் நம்முடையது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நாயினங்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். சிப்பிப்பாறையும் கன்னியும் நம் பக்கத்துக் கரிசல் காட்டு நாய்கள். குட்டி வாங்க எங்கெங்கிருந்தோ கார் வருகிறது. ஆனால் அந்த நாய் படுத்துவிட்டால் நமக்கு அலைச்சல்தான். பெரிய சோதனை என்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வசதி உண்டு, போய்ச் சேருவதுதான் பாடு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். வேன் பிடித்தால் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு வாரச் சம்பளம் போய்விடும். அதனால் "நாலு நாள் பார்ப்போம், தானா சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த நாலு நாளில்தான் நாய் கைவிட்டுப் போகிறது.

உண்ணிக் காய்ச்சலில் இதை நன்றாகப் பார்க்கலாம். நம் ஊரில் உண்ணி இல்லாத நாய் அபூர்வம். காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் பார்த்தால் தெரியும், சில சமயம் கொத்துக் கொத்தாக இருக்கும். பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை; சுவர் வெடிப்பிலும், நாய் படுக்கும் சாக்கிலும், கட்டிலின் கயிற்று முடிச்சிலும்தான் இருக்கும். ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சாக்கை அப்படியே விட்டால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான். சாக்கைக் கொதிநீரில் போடுங்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுங்கள். சுவர் வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். கையால் நசுக்காமல், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இருக்கும் கிருமி வேறு வேறு. எர்லிக்கியா என்பது ஒன்று. அதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். பேபீசியா என்பது இன்னொன்று. அது சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போகும், ஈறு வெளுத்துப்போகும். அதற்கு அந்த மாத்திரை மட்டும் போதாது, வேறு மருந்து வேண்டும். எது என்று தெரியாமல் ஒரு வாரம் மாத்திரை கொடுத்து, நாய் கொஞ்சம் எழுந்ததும் நிறுத்திவிடுகிறோம். பிறகு மூக்கில் ரத்தம் வடியும்போதுதான் பதறுகிறோம்.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் மைக்ராஸ்கோப் கேட்கிறோம். காது நுனியில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் மெல்லியதாக இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றிக் கழுவினால் போதும். பேபீசியா இருந்தால் பெரும்பாலும் அங்கேயே கண்ணில் படும். லேப் டெக்னீசியன் படித்த நம் ஊர்ப் பெண் ஒருவர் சில்லுகளைத் தயார் செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், டாக்டர் பார்த்துச் சொல்வார். எல்லா நோயும் இதில் தெரிந்துவிடாது, எர்லிக்கியா பல சமயம் ஒளிந்துகொள்ளும். அந்த நாய்களுக்கு ரத்தத்தை மட்டும் குழாயில் எடுத்து டவுன் லேபுக்கு அனுப்பிவிடலாம். நாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

அடுத்து, அறைக்குச் சிமெண்ட் தரை எதற்கு, மண் தரையே போதாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. குட்டிகளுக்கு வரும் பார்வோதான் காரணம். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தபேதி, இரண்டு மூன்று நாளில் குட்டி துவண்டுவிடும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஒரு குட்டி செத்த வாசலில் அடுத்த மாதமே புதுக்குட்டி கொண்டுவந்து விட்டு, அதுவும் செத்ததை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! ராசி இல்லாத வீடு என்று பேசிக்கொள்கிறோம். ராசி கிடக்கட்டும், தரையில் இருக்கும் கிருமியைப் பாருங்கள். சாதாரண சோப்புக்கு அது மசியாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். மண் தரையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவ முடியுமா? வைத்தியம் பார்க்கிற அறையிலேயே குட்டிக்கு நோய் ஒட்டிக்கொண்டால் ஊர் நம்மைச் சும்மா விடாது. பார்வோவைத் தடுக்க, ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் முடியும்வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்தினால் பயனில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைவதற்குள் போட்ட ஊசி வேலை செய்யாமலே போகலாம்.

ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலும் கெடும், உறைந்தாலும் கெடும். வீட்டு பிரிட்ஜில் மீனுக்கும் மாவுக்கும் நடுவே, நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கிற இடத்தில் வைப்பது சரியில்லை. அதனால்தான் தனியாக ஒரு சின்ன பிரிட்ஜும் ஸ்டெபிலைசரும்.

இனி, நாய் வளர்க்காதவர்களுக்கு. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி மனிதனுக்கு வந்துவிட்டால் பிழைக்க வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஒரு ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சங்கிலியில் கட்டிய வீட்டு நாய்க்கு மட்டும் போட்டால் அந்த எழுபது வராது. மந்தையில் படுத்திருக்கும் நாய்க்கும் போட வேண்டும், அதற்குப் பணம் கொடுக்க அதற்கென்று ஒரு வீடு இல்லை. ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (வெறிநோய் தினம்) போன்ற நாட்களில் அரசு முகாம் நடந்தால் அங்கே இலவசமாகவே போட்டுக்கொள்வோம். அதில் விட்டுப்போகும் நாய்களுக்குத்தான் உங்கள் பணம். கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்ட வேண்டாம். எலிக்காய்ச்சலும் இதே போலத்தான். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

அறை திறக்கும்வரை ஒரு வேண்டுகோள், இதற்குக் காசு வேண்டாம். சொறி வந்த நாய்க்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கழிவு ஆயில் வாங்கித் தடவுவதை நிறுத்துங்கள். நாய் அதை நக்கி ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளும், தோலும் வெந்துபோகும். புழு வைத்த புண்ணில் பினாயிலும் பெட்ரோலும் ஊற்றுவதும் அப்படித்தான். காய்ச்சல் என்று நமக்கு வாங்கிய பாராசிட்டமாலையும் மூட்டுவலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள். குடல் புண்ணாகி, ஈரலோ சிறுநீரகமோ போன நாய்க்கு அப்புறம் வைத்தியம் கஷ்டம். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று கணக்குப் பண்ணுவதையும் விடுங்கள். நாயின் உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்குக் காய்ச்சலாக இருப்பது அதற்குச் சாதாரணம். தெருவுக்கு ஒரு தெர்மாமீட்டர் கொடுக்கப் போகிறோம், ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டியது. வாயில் வைத்துக்கொள்ளக் கேட்டு யாரும் வர வேண்டாம்.

வெங்காயம் போட்ட குழம்புச் சோறு தினமும் வைத்தால் நாயின் ரத்தம் குறையும், வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெளிநாட்டிலிருந்து பெட்டி நிறைய சாக்லேட்டோடு வருகிற தம்பிகளே, அதைப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாய்க்கு அது விஷம்.

ராஜபாளையம் குட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முழு வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு. சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று அடிப்பதற்கு முன்னால், குட்டி தூங்கும்போது பின்னால் சற்றுத் தள்ளி நின்று தட்டைத் தட்டிப் பாருங்கள். காது கேட்காத நாயைக் கைச்சாடையால் பழக்கலாம், அதிலிருந்து குட்டி எடுக்காமல் இருப்பது நல்லது.

சரி, கணக்குக்கு வருவோம். மைக்ராஸ்கோப்புக்கு 28,000 ரூபாய். பிரிட்ஜும் ஸ்டெபிலைசரும் 18,000. சிமெண்ட் தரை, தண்ணீர்க் குழாய், இரும்பு மேசை 22,000. முதல் வருடத்துக்கான தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, சாயம், டாக்டரின் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 52,000. ஆக மொத்தம் 1,20,000. கமிட்டிக்காரர்களும் சில கடைக்காரர்களும் போட்டதில் 31,500 சேர்ந்திருக்கிறது. இன்னும் 88,500 வேண்டும். அறுவைச் சிகிச்சை இங்கே நடக்காது. கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

ஐம்பது ரூபாயும் வாங்குவோம், ஐயாயிரமும் வாங்குவோம். எதற்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பணமாக முடியாதவர்கள் பழைய துண்டு, பருத்திச் சேலை, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா கொடுக்கலாம். அரிசி மில்காரர் ஒரு தராசு தருகிறேன் என்றார். நாயைத் தூக்கிக்கொண்டு ஆள் ஏறி நின்று, பிறகு ஆள் எடையைக் கழித்தால் மருந்தின் அளவுக்குக் கணக்கு வந்துவிடும். கொத்தனார்கள் ஒரு நாள் வேலையைக் கொடுத்தால் அதையும் நன்கொடையாகவே எழுதிக்கொள்வோம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். கல்வெட்டு, மார்பிள் பலகை எதுவும் கிடையாது, அந்தக் காசுக்கு ஊசி வாங்கலாம். வரவு செலவை மாதா மாதம் அறை வாசலில் ஒட்டுவோம்.

ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் மந்தை டீக்கடையில் அவரைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் வீட்டில் இருப்பவர்கள் மூலம் கொடுத்தனுப்பலாம், இல்லையென்றால் ரசீதில் உள்ள கமிட்டியின் வங்கிக் கணக்கில் போடலாம். தரை வேலை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் முகாம். நாயைச் சங்கிலி போட்டு, கடிக்கிற நாயாக இருந்தால் வாயைத் துணியால் கட்டிக் கூட்டி வாருங்கள். ஊசி போடாத குட்டியைக் கீழே விடாமல் கையில் தூக்கி வாருங்கள். பழைய ஊசிச் சீட்டு இருந்தால் எடுத்து வரவும், இல்லாதவர்களுக்குப் புதுச் சீட்டு அங்கேயே எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
நாய் நலக் கமிட்டியார்