பூங்காவுக்கு யார் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

கொழும்பு மாநகர சபை உறுப்பினர்களுக்கும், நகர அபிவிருத்தி அதிகார சபையில் பூங்காக்களைத் திட்டமிடும் உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

ஏதாவது ஒரு பூங்காவைத் திருத்தப் போகிறோம் என்று செய்தி வந்தால் கூடவே ஒரு படமும் வரும். வளைந்து போகும் பாதை, ஒட்ட வெட்டிய புல், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓடும் ஓர் இளைஞர். அவர் வரட்டும், அவருக்கும் இடம் வேண்டும். ஆனால் விகாரமகாதேவிப் பூங்காவில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இருந்து பார்த்தால், அந்தப் படத்தில் இல்லாதவர்கள்தான் அதிகம் வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விடியற்காலையில் வருகிறவர்களில் பலர் சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் அனுப்பியவர்கள். கால் தடக்காத, மழைக்கு வழுக்காத, பின்னால் சைக்கிள் வந்து திடுக்கிட வைக்காத ஒரு பாதை இருந்தால் அவர்களுக்குப் போதும். பகலில் வருகிறவர்கள் வேறு ஆட்கள். கண் ஆஸ்பத்திரியும் தேசிய வைத்தியசாலையும் பக்கத்தில் இருப்பதால், ஹட்டனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ நோயாளியோடு வந்தவர்கள் பார்வையாளர் நேரம் வரும் வரை சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிழல் தேடி வருவார்கள். அவர்களுக்கு மரமும் குடிதண்ணீரும் சுத்தமான மலசலகூடமும் கிடைத்தால் அது பெரிய உதவி. இவர்கள் உங்கள் கூட்டங்களுக்கு வந்து கருத்துச் சொல்ல மாட்டார்கள், இந்த ஊரில் வாக்கும் இல்லை.

மலசலகூடத்தை நான் சும்மா சேர்க்கவில்லை. ஒரு பெண் பூங்காவில் அரை மணி நேரம் இருப்பாளா இரண்டு மணி நேரம் இருப்பாளா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான். பிள்ளையோடு வந்தவர், கர்ப்பிணி, வயதானவர், மாதவிடாய் நாளில் இருப்பவர் எல்லோரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அதை யோசிக்கிறார்கள், பூட்டியிருந்தாலோ தண்ணீர் இல்லாவிட்டாலோ அடுத்த முறை வருவதில்லை. காலிமுகத்திடலில் 1856 இல் தொடங்கி 1859 இல் முடிந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகப் பார்த்துக்கொள்ளும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார் ஆளுநர் ஹென்றி வார்ட். அந்தப் பொறுப்பு இப்போது உங்களிடம் இருக்கிறது.

வாங்குகளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. முதுகு சாய இடமில்லாத சிமெந்து வாங்கில் அவரால் உட்கார முடியும், எழும்பத்தான் முடியாது, கையை ஊன்ற ஒரு பிடி வேண்டும். சரி, பிடி வைக்கிறோம் என்று வாங்கின் நடுவிலும் ஒன்றை வைத்துவிட்டால், விடியற்காலையிலிருந்து மூட்டை தூக்கிவிட்டு மத்தியானம் கொஞ்சம் சாய்ந்துகொள்ள வரும் தொழிலாளிக்கு அந்த வாங்கு இல்லாமல் போகிறது. (அவரை விசிலடித்து எழுப்பும் பழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள், பூங்காவில் கொஞ்சம் படுத்திருப்பதில் என்ன தவறு?) பிடியை இரண்டு முனைகளில் மட்டும் வைத்தால் இருவருக்கும் ஆகும். மேலதிகமாக ஒரு சதமும் வேண்டாம், வரைபடம் போடும்போது இருவரையும் நினைத்திருந்தால் போதும்.

வெளிச்சமும் அப்படித்தான். நம் ஊரில் வருஷம் முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும், பிந்தினாலும் ஆறரை. ஐந்து மணிக்கு வேலை முடிகிற பெண் பஸ் பிடித்து வந்து சேரும்போது இருட்டிவிடும், விளக்கு இல்லாத பாதையில் அவள் ஏன் நடக்கப் போகிறாள்? அதேநேரம் விகாரமகாதேவிப் பூங்காவின் பெரிய மரங்களில் பகலெல்லாம் தொங்கி இருட்டியதும் பறக்கும் பழந்தின்னி வௌவால்களுக்கு இருட்டு வேண்டும். உயரமான கம்பத்தில் பெரிய விளக்கைப் போட்டு எல்லாவற்றையும் பகலாக்கத் தேவையில்லை. பாதையோரமாக, தாழ்வாக, நிலத்தைப் பார்த்தபடி விளக்குகள் வைத்தால் நடப்பவருக்குப் பாதை தெரியும், மரம் மரமாகவே இருக்கும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், 2018 இல் உலகில் முதல் தடவையாக ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெயர் பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களோடு முடிந்துவிடக் கூடாது.

காதலர்களைப் பற்றிப் பேசவே எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். வீட்டில் தனி அறை இல்லாத, ஹோட்டலில் காப்பி குடிக்கக் காசில்லாத இரண்டு பேர் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள்? குடைக்குள் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு நிழலும் மறைவும் வேறு எங்கும் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அவர்களைத் துரத்துவதால் பூங்கா குடும்பங்களுக்கு உகந்ததாக ஆகிவிடப் போவதில்லை. கச்சான் விற்பவரையும் துரத்த வேண்டாம், அவர் இருக்கிற மூலையில் எனக்குத் தனியாக நடக்கப் பயமில்லை.

இனி என் பக்கத்துக் கதை. கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், கிராண்ட்பாஸ் பகுதிகளில் தொடர்மாடிகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் வெளியிடம் மிகவும் தேவை, பூங்காக்கள் என்று நீங்கள் பெருமையாகக் காட்டுபவை பெரும்பாலும் கறுவாத்தோட்டத்திலும் சுதந்திர சதுக்கத்திலும் பத்தரமுல்லைப் பக்கத்திலும் இருக்கின்றன. மட்டக்குளியில் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்கா இருக்கிறது, நல்லது, ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஐந்து வயதுப் பிள்ளை நடந்து போகும் தூரம் இல்லை. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேயராவது பசுமையான இடம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லும் அளவு. ஒரு வரைபடத்தை விரித்து வட கொழும்பின் ஒவ்வொரு தோட்டக் குடியிருப்பிலிருந்தும் அந்தத் தூரத்தை அளந்து பாருங்கள்.

எங்கள் பக்கத்துப் பொடியன்கள் ரோட்டில் கிரிக்கெட் அடிக்கிறார்கள், ஓட்டோ வந்தால் விக்கெட்டைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள். பூங்காவுக்குப் போனால் ‘பந்து விளையாடத் தடை’ என்ற பலகை. சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து படும் என்ற பயம் நியாயமானது, அதற்கு நேரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு மூலைக்கு வலை கட்டலாம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு. வீட்டில் டிவியும் பேச்சும் ஓயாத இடத்தில் அவர்கள் எங்கே போய்ப் படிப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த பூங்காவுக்கு ஒப்பந்தம் கோருவதற்கு முன், ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, ஒரு போயா தினம் என்று மூன்று நாளாவது ஆட்களை நிறுத்தி, எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் திரும்பிப் போகிறார்கள் என்று எழுதி வையுங்கள். வராதவர்களை அவர்கள் வீட்டுப் பக்கம் போய்க் கேளுங்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் சேர்த்து. அப்புறம் வரைபடம் போடுங்கள். எங்கள் பகுதியில் கூட்டம் வைப்பதென்றால் ஞாயிறு பின்னேரம் வையுங்கள், மற்ற நாட்களில் வேலைக்குப் போகிற பெண்களால் வர முடியாது. தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளக்கூடிய ஓர் உத்தியோகத்தரையும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் குடியிருக்கும் ஒரு பெண்