படிப்பகத்துக்குத் தோள் கொடுத்த நல்லுள்ளங்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில், பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் (வரிசைக் குடியிருப்பு) ஒன்றின் நடுவே நாங்கள் நடத்திவரும் மாலைநேரப் படிப்பகம் இந்தக் கல்வியாண்டை நல்லபடியாக நிறைவு செய்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளைகளில் ஒருவரைத் தவிர ஏனையோர் தேர்ச்சி பெற்றுள்ளனர். அந்த ஒருவரும் மறுதேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறார். இதற்குத் துணை நின்றவர்களில் பெரும்பாலோர் தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறோம். லைனில் இருப்பவர்களுக்கு யார் யார் என்று தானாக விளங்கிவிடும்.

வெளியூர் அன்பர்களுக்காகச் சிறிது பின்னணி. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கால்வைத்த பிறகு பெருகிய சுரங்க வேலைக்காக வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்களே எங்களில் மிகுதி. சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து 1902-இல் இவ்வூர்ச் சுரங்கங்களுக்கு வந்தது. பெங்களூருத் தெருக்களுக்கு மின்விளக்கு 1905-இல்தான் கிடைத்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டபோது ஊரின் பிழைப்பும் ரயிலேறிவிட்டது. விடியுமுன் மாரிகுப்பத்தில் புறப்படும் வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்கிறது. போனவர்கள் வீடு திரும்ப இரவாகிவிடும். தாயும் தந்தையும் அந்த வண்டியில் போய்விட்ட வீடுகளின் பிள்ளைகளுக்காகவே இந்தப் படிப்பகத்தைத் தொடங்கினோம்.

ஆகவே எங்கள் முதல் நன்றி அந்த வண்டியில் அன்றாடம் போய்வரும் தோழர்களுக்கு உரியது. நேரம் மிச்சமுள்ளவர்கள் உதவுவார்கள் என்று எதிர்பார்த்தோம். நேரமே இல்லாதவர்கள்தாம் முன்வந்தார்கள். கட்டட வேலைக்கும், காவல் பணிக்கும், அலுவலகத் துப்புரவுக்கும் போகிற இவர்கள், தாங்கள் வேலை செய்யும் இடங்களில் வேண்டாமென்று ஒதுக்கிய பாடநூல்களையும், பாதி எழுதிய நோட்டுப் புத்தகங்களையும் கேட்டு வாங்கி, உட்கார இடமில்லாத பெட்டியில் தலைக்குமேல் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். வண்டி சாம்பியனில் நிற்கும் சில நொடிகளுக்குள் மூட்டை கைமாறியாக வேண்டும். இறங்குபவர் யாராயிருந்தாலும், படிப்பகத்து மூட்டை இது என்று தெரிந்தால் கேளாமலே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுதாத தாள்களை மட்டும் பிரித்தெடுத்துத் தைத்த நோட்டுகளே இந்த ஆண்டு முழுவதும் கணக்குப் பாடத்துக்குப் போதுமானவையாக இருந்தன.

பெஞ்சுகளைச் செய்து தந்த பெரியவர், சுரங்கத்தில் கூரைப் பாறைக்கு மரத்தில் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். பழைய கதவு, சட்டம் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒவ்வொரு மரத்தையும் விரல் கணுவால் தட்டி, காதைச் சாய்த்து ஓசையைக் கேட்ட பிறகே அவர் அறுக்கத் தொடங்குவார். உள்ளே பொக்காக இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும் என்பது, அடியில் பாறையைத் தட்டிப் பார்த்தே உயிர் காத்துக்கொண்டவர்களின் பழக்கம். அதனால் நாங்கள் ஆசையோடு கொண்டுபோன தேக்குக் கதவொன்று கழிக்கப்பட்டதில் சிலருக்கு வருத்தமுண்டு. ஆனால் பிள்ளைகள் ஏறிக் குதித்தும் எந்தப் பெஞ்சும் இன்றுவரை ஆடவில்லை. மூச்சிரைப்போடு இத்தனையும் செய்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த ஐயாவுக்கு எங்கள் வணக்கம்.

படிப்பகத்தின் ஜன்னல்கள் சயனைட் மேட்டைப் பார்த்திருப்பவை. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவுமண் மலைபோல் குவிந்து கிடப்பதும், காற்றுக்காலத்தில் அதன் தூள் வீடுகளுக்குள் படிவதும் இங்கு எல்லாரும் அறிந்ததே. அதற்குத் தீர்வு காண வேண்டியவர்கள் வேறு; நிலைமை மாறும்வரை பிள்ளைகள் இருமிக்கொண்டு படிக்க முடியாது என்று, பெங்களூரில் ஆயத்த ஆடை ஆலைக்குப் போய்வரும் சகோதரிகள் தங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் கூடி, கெட்டித் துணியில் இரட்டை மடிப்புத் திரைகளைத் தைத்து மாட்டித் தந்தார்கள். வாரந்தோறும் கழற்றித் துவைக்க வசதியாகக் கொக்கி வைத்துத் தைத்திருக்கிறார்கள். வாரமெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் உட்காருபவர்களிடம் இதைக் கேட்க எங்களுக்கு வாய் வந்திராது, அவர்களாகவே செய்தார்கள்.

வீட்டில் தமிழ் பேசும் எங்கள் பிள்ளைகள் அதிகம் திணறியது கன்னட இலக்கணத்தில். பேதமங்கலத்திலிருந்து பேருந்தேறி வந்து கற்பித்த ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர், முதல் மாதம் இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. பிள்ளைகளைக் கன்னடத்தில் பேசவும் சண்டை போடவும் விட்டார். எங்கள் ஊருக்குக் குடிநீர் தந்த ஏரி அவருடைய ஊரில் இருக்கிறது என்பதைச் சுட்டி, இப்போது பாடமும் அங்கிருந்தே வருகிறது என்று நாங்கள் சொன்னால் சிரித்துக்கொள்வார். மேஷ்ட்ருவுக்கு நன்றி.

மாலையில் சுண்டல் அவித்து அனுப்பிய அக்காமார்கள், தண்ணீர் வராத நாளிலும் ஒரு குடம் எடுத்துவைத்த பக்கத்து வீட்டு அம்மா, இலவசமாக மின்கம்பி இழுத்துத் தந்த தம்பி, சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் அனுப்பிய முன்னாள் லைன்காரர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது.

இவ்வூருக்கு இது புதிய முயற்சியன்று. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்த காலத்திலேயே உழைப்பாளிகளின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே எழுந்துவிட்டது. அந்த வழியில் வந்தவர்களிடம் உதவி கேட்பதற்கு எங்களுக்குக் கூச்சமில்லை.

வரவு செலவுக் கணக்கைப் படிப்பகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எவரும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் படிப்பகமும் திறக்கும். மரப்பெரியவர் இப்போது புத்தக அலமாரிக்கு மரம் தேடுகிறார். கொண்டுவருபவர்கள் அவரிடமே தட்டிக் காட்டிவிட்டுக் கொடுக்கவும்.

நன்றியுடன்,
படிப்பகக் குழுவினர்,
சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்