நாளை பறுவம் (பௌர்ணமி), களப்பு வாய் கடப்பவர்கள் கவனம்

எல்லாருக்கும் வணக்கம். நாளை பறுவம், நீரோட்டம் நன்றாக இழுக்கும். எங்கள் முல்லைத்தீவுப் பக்கம் பெருக்குக்கும் (கடல் ஏற்றம்) வற்றுக்கும் (கடல் இறக்கம்) இரண்டடி வித்தியாசம்கூட வராதுதான், ஆனால் களப்பு கடலோடு சேரும் நாயாற்று வாயிலும் வட்டுவாகல் வாயிலும் மழைவெள்ளம் வற்றோடு சேர்ந்து வெளியே பாயும்போது வாடைக்காற்று எதிரே தள்ளிவருகிற அலை அந்த வாயிலேயே குத்தாக எழும்பி உடையும், படகைக் கவிழ்க்கிற இடம் அதுதான். தயவுசெய்து பெருக்கு ஏறி ஓட்டம் தணியும்வரை பொறுங்கள். எஞ்சின் பெரிது என்று நம்பி இறங்க வேண்டாம், அலைக்குள் எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைக் கேட்டுவிட்டே இறங்குங்கள், லைஃப் ஜாக்கெட்டைப் படகில் கட்டிவைக்காமல் உடம்பில் போடுங்கள். அப்புறம், கொக்கிளாய், அளம்பில் ஆட்கள் விடியற்காலையில் கரை எப்படி என்று ஒரு குரல்பதிவு போட்டுவிடுங்கள்.