மணி அடிக்காத தியேட்டரில் பேச்சை எப்போது நிறுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தியேட்டருக்குள் கால் வைத்ததுமே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாசகர் சென்ற இதழில் எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயமானது. கோபப்பட்ட இடம்தான் தப்பு. பனியன் விளம்பரம் ஓடும்போது பேசாமல், சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு எதற்குத் தியேட்டர்? பேசலாம், கிண்டல் அடிக்கலாம், விசிலும் அடிக்கலாம். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது தெரிந்திருந்தால் போதும்.

முன்பு அதைத் தியேட்டரே சொல்லிவிடும். டூரிங் டாக்கீஸில் சாமி பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். நிரந்தரக் கொட்டகைகளில் மணி அடிக்கும், திரைச்சீலை இசையோடு மேலே ஏறும், அதன் மடிப்புகளில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு மாறும், பிறகு இருட்டு. அதுவரை உள்ளூர் ஜவுளிக்கடை ஸ்லைடு, நியூஸ் ரீல், முறுக்கு, ஊர்க்கதை எல்லாம் உண்டு. மணிக்குப் பிறகும் வாய் ஓயாதவனுக்குத் தரை டிக்கெட்டிலிருந்தே பதில் வந்துவிடும். இன்றைய மல்டிபிளெக்ஸில் மணியும் இல்லை, சீலையும் இல்லை. விளம்பரம், டிரெய்லர், படம் மூன்றும் சர்வரில் ஒரே பிளேலிஸ்டாக ஏற்றப்பட்டு நிற்காமல் ஓடுகின்றன. எது எங்கே முடிந்தது என்பது ஆபரேட்டருக்குத் தெரியும், இருக்கையில் இருப்பவருக்குத் தெரியாது. பேச்சு படத்துக்குள் வழிவதற்கு இதுதான் முதல் காரணம். பிள்ளைகளுக்குப் பண்பு போய்விட்டது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆகவே நாமாக ஓர் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குத் தணிக்கைச் சான்றிதழைவிடப் பொருத்தமானது வேறில்லை. எல்லாப் படத்துக்கும் அது உண்டு, சுமார் 10 நொடி திரையில் நிற்கும், பெரிய எழுத்தில் இருக்கும். அதில் ஓடும் நேரத்தைப் பார்த்து யாராவது பெருமூச்சு விடுவார்கள். 2024 தணிக்கை விதிகளுக்குப் பின் வந்த யுஏ 7+, 13+, 16+ வயது வகைகளைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டு நண்பரை, 'உன்னை எப்படிடா உள்ளே விட்டாங்க?' என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அதுவே கடைசி கமெண்ட்டாக இருக்கட்டும். முதல் வசனம் வரும்வரை பேசினால் என்ன என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 200 பேர் பேச்சு ஒரே நொடியில் அடங்காது. சான்றிதழுக்குப் பின் நிறுவன முத்திரைகள், கண்ணுக்கே எட்டாத சிறிய எழுத்தில் நன்றிப் பட்டியல் என்று பெரும்பாலான தமிழ்ப் படங்களில் ஒன்றிரண்டு நிமிடம் போகும். அரங்கம் அடங்க அந்த நேரம் தேவை. முதல் வசனம்வரை பேசினால் முதல் இரண்டு வசனங்கள் போய்விடும். கதைசொல்லியின் குரலோடு தொடங்கும் படமென்றால் கதை நடக்கும் ஊரும் ஆண்டுமே போய்விடும்.

சான்றிதழுக்கு முந்தைய நேரமும் ஒரே மாதிரியானதல்ல. விளம்பரத்தின்போது தாராளமாகப் பேசலாம். டிரெய்லர் அப்படியல்ல. அடுத்த படத்தின் இரண்டரை நிமிடத் துண்டைப் பெரிய திரையில் பார்க்கவென்றே சிலர் சீக்கிரம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். டிரெய்லரை விமர்சிக்க வெளியீட்டுத் தேதி வரும்வரை பொறுக்கலாம். டிரெய்லர் முடிந்ததும் வரும் இரண்டு மூன்று நொடி இருட்டுதான் கமெண்ட்டுக்கு என்றே வாய்த்த இடம். வேறொரு நடிகரின் டிரெய்லர் வந்ததும் ஊளையிடுவது கமெண்ட் கணக்கில் சேராது. எதிர் ஊளை வரும், பாதிப் படம்வரை அந்தச் சண்டை ஓடும். பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாளில் போட்டி நடிகரின் டிரெய்லரைப் போடாமல் இருக்கும் புத்தி தியேட்டருக்கும் வேண்டும்.

புகையிலை எச்சரிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, புகைக்கும் காட்சியுள்ள படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைப் பக்கத்திலும் குறைந்தது 30 நொடி எச்சரிக்கைப் படமும் 20 நொடி பொறுப்புத்துறப்பும் வர வேண்டும். அடிக்கடி கேட்டு அது மனப்பாடமாகி, நகரத்துக்கு என்ன ஆச்சு என்று திரையில் குரல் கேட்டவுடன் மொத்த அரங்கமும் சேர்ந்து ஒப்பித்த காலம் உண்டு. அது நல்ல வேடிக்கை. பெயர் தெரியாத முந்நூறு பேர் ஒரே குரலில் சிரிக்கும் இடம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் அதே வரிசையில் வந்த இன்னொரு படத்தில் மருத்துவமனைக் கட்டிலில் இருந்த இளைஞர் நடிகர் அல்ல. வாய்ப் புற்றுநோயால் 24 வயதில் உண்மையிலேயே இறந்தவர். அதற்கும் மிமிக்ரி செய்வார்கள். உங்கள் பின்வரிசையில் நேற்றுத்தான் கீமோ முடித்துவிட்டு வந்தவர் உட்கார்ந்திருக்கலாம்.

சில அரங்குகளில் தேசிய கீதம் ஒலிக்கிறது. 2016 நவம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கியது; 2018 ஜனவரி 9-இல் கட்டாயமில்லை என்று மாற்றியது. ஒலித்தால் 52 நொடி எழுந்து, பேசாமல் நிற்க வேண்டும். எழ முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. அப்படி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் குரல் கொடுப்பதுதான் அங்கே நடக்கும் பெரிய மரியாதைக்கேடு. படத்தின் கதைக்குள்ளேயே கீதம் வந்தால் யாரும் எழ வேண்டியதில்லை.

இனி குரல். விளம்பரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று நாம் அறியாமலே குரலை ஏற்றுகிறோம். ஒரு விளம்பரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடுக்கில் சட்டென்று ஒரு நொடி அமைதி வரும். 'அவ மாமியார் சொன்னது என்னன்னா...' என்பது அந்த நொடியில்தான் ஏழு வரிசைக்குக் கேட்கும். சத்தத்தோடு போட்டி போட வேண்டாம், ஆளை நெருங்குங்கள். நேராகத் திரையைப் பார்த்துப் பேசினால் குரல் முன்னால்தான் போகும். முன்வரிசைக்காரரின் காது உங்கள் வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில், படிப்படியான இருக்கையமைப்பு என்பதால் சற்றே கீழே இருக்கிறது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்தில் இருப்பவரின் காதோரம், தணிந்த குரலில் சொல்ல வேண்டும். கிசுகிசுப்பு பாதுகாப்பானது என்று நினைப்பதும் தப்பு. அதில் 'ஸ்', 'ச்' ஒலிகள் சீறிக்கொண்டு தனியாகத் தெரியும்.

அரங்கின் அளவும் கணக்கில் வரும். 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்த மதுரை தங்கம் தியேட்டர் போன்ற கொட்டகையில் ஒருவர் அடித்த கமெண்ட் நாலைந்து வரிசையில் கரைந்துவிடும். சுவர் முழுக்கத் துணியும் பஞ்சும் போர்த்திய 150 இருக்கை அரங்கில் எதிரொலியும் இல்லை, இரைச்சலும் இல்லை. அங்கே அதே கமெண்ட் கடைசி ஆள்வரை சுத்தமாகப் போய்ச் சேரும்.

தியேட்டர் தரப்பிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவியான ஒலிச் செயலியில் 7 என்ற அளவில் வைத்துப் பார்த்துத்தான் படத்தின் ஒலிக்கலவையை முடிக்கிறார்கள். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கின்றன என்று யாராவது புகார் சொன்னால் ஆபரேட்டர் அதை 5-க்கு இறக்குவார். படம் தொடங்கியபின் திரும்ப ஏற்ற மறந்துவிடுவார். வசனம் மெலிந்து போகும், 'என்ன சொன்னான்?' என்று பத்துப் பேர் கேட்பார்கள்; பத்துப் பேர் பதில் சொல்வார்கள். இதற்குப் பார்வையாளரைத் திட்டிப் பயனில்லை. விளம்பரத்துக்கு ஓர் அளவு, படத்துக்கு ஓர் அளவு என்று பிளேலிஸ்டிலேயே பதிந்து வைக்க முடியும்.

விளக்கும் அப்படித்தான். விளம்பரத்துக்கு முழு வெளிச்சம், டிரெய்லருக்குப் பாதி, சான்றிதழுக்கு இருட்டு என்று மூன்று படியாக வைத்தாலே பழைய மணியின் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும். முதல் விளம்பரத்திலேயே மொத்தமாக அணைத்துவிட்டு, இருபது நிமிடம் கழித்துப் படத்தைப் போட்டால் யாருக்கு என்ன புரியும்? படம் 25 நிமிடம் தாமதமாகத் தொடங்கியதாக ஒருவர் தொடுத்த வழக்கில், உண்மையில் படம் தொடங்கும் நேரத்தையே டிக்கெட்டில் போட வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் பெங்களூரு நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு எப்படிப் போனாலும், அந்த நேரத்தை டிக்கெட்டில் அச்சிட எந்தத் தியேட்டருக்கும் தடையில்லை.

கமெண்ட் ஒரு கலை என்பதை மறுக்க மாட்டேன். ஒரே வரியில் இருக்க வேண்டும், ஒரு தடவைதான் சொல்ல வேண்டும், திரையில் வருவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கவில்லை என்று இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னால் கதை முடிந்தது. இடம் தேடி வரும் பெண்ணைப் பற்றியோ, ஒருவரின் உடம்பு, நிறம், சாதி பற்றியோ சொல்வதற்குக் கமெண்ட் என்று பெயரில்லை. முந்தின காட்சி பார்த்தவர் கதையின் முடிவை அவிழ்ப்பதும் அந்த வகைதான்.

முதல் நாள் முதல் காட்சிக்கு மட்டும் இந்த விதி பாதிதான் பொருந்தும். தமிழ்நாட்டில் அது இப்போது காலை 9 மணிக்கு. அதற்கு டிக்கெட் வாங்குகிறவர் கூச்சலையும் சேர்த்தே வாங்குகிறார்; வசனம் முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை போகட்டும். பேப்பர் தூவலாம், ஆட்டமும் போடலாம். ஆனால் நாணயம், பால், கற்பூரத்தோடு திரைப் பக்கம் போகக் கூடாது. பின்னாலிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி வர லட்சக்கணக்கான நுண்துளைகள் இட்ட பிளாஸ்டிக் திரை அது. ஒரு கீறல் விழுந்தால் ஒட்டுப்போட முடியாது. திரையை மாற்றும்வரை கதாநாயகியின் முகத்தில் அந்தக் கோடு இருக்கும்.

கடைசியாக, பேசுகிறவரை எப்படி நிறுத்துவது? 'உஷ்' என்பது பேச்சைவிட அதிகத் தூரம் போகும். போன் டார்ச்சை முகத்தில் அடித்தால் சண்டைதான். பாதி திரும்பி, 'அண்ணே, படம் போட்டாச்சு' என்று ஒரு தடவை சொன்னால் போதும். 'பேசாதீங்க' என்பது கட்டளை. 'படம் போட்டாச்சு' என்பது தகவல், பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதவரின் வரிசை எழுத்தையும் இருக்கை எண்ணையும் குறித்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஊழியரிடம் உடனே சொல்லிவிடுங்கள். படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர் அடுத்த ஸ்கிரீன் வாசலுக்குப் போயிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
திருநெல்வேலி.