ஈரத் துண்டு ஒரு சின்ன விஷயம்

அன்புள்ள எலி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் படிக்காதே, குனியாதே, எழுதாதே என்று சொல்லிவிட்டார்கள். கட்டைப் பிரித்ததும் முதலில் பார்த்தது பக்கத்தில் இருந்த நீல வாளியை. நீலம் என்றால் இதுதானா என்று திகைத்துப்போனேன். இத்தனை வருடமாக எல்லாவற்றையும் பழுப்பேறிய கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறுவதைக் குறைத்தாயா, இல்லை வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாயா?

சரி, நீ கோபமாக எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஆட்டிசம், ஜேன் ஆஸ்டின் நாவலில் வரும் டார்சிக்கு ஆட்டிசம் என்று உன் சின்னவள் ஒரு பட்டியலே வாசித்தாளாம். “கதையில் வருகிறவனுக்குமா மருந்துச் சீட்டு எழுதுகிறீர்கள்?” என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டாயாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் “சபாஷ்டி” என்று பதில் போட்டிருப்பேன். இப்போது முடியவில்லை. அதற்குக் காரணம் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தி. நேரில் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன்.

என் மகளுக்கு ஆட்டிசம் என்று போன வருடம் உறுதி செய்தார்கள். இருபத்தாறு வயதில். அவளாகவே படித்து, சந்தேகப்பட்டு, நேரம் கேட்டு வாங்கிப் போனாள். சின்ன வயதுக் கதை தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்றதால் என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அந்த உளவியலாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“பொம்மைகளை வரிசையாக அடுக்குவாளா?”

“அடுக்குவாள். நிறவாரியாக. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

“சட்டைக் கழுத்தில் இருக்கும் துணிச்சீட்டு உறுத்துகிறது என்று அழுதிருக்கிறாளா?”

“அது யாருக்குத்தான் உறுத்தாது? வாங்கிவந்ததும் வெட்டிவிடுவேன். என்னுடையதிலும்தான்.”

“தொலைபேசியில் பேசுவதற்கு முன்னால் பேசவேண்டியதை எழுதி வைத்துக்கொள்வாளா?”

எலி, அந்த இடத்துக்கே அன்று காலை போன் செய்வதற்காக நான் எழுதிய தாள் என் கைப்பையில் இருந்தது. “வணக்கம்” என்பதைக்கூட எழுதி வைத்திருந்தேன். அதையும் சொல்லித் தொலைத்தேன். அவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் பரிசோதனை எதுவும் செய்துகொள்ளவில்லை, இப்போதைக்குச் செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தகங்களை எடுத்தேன். மற்றவர்கள் என்றால் பழைய ஆல்பத்தை எடுத்திருப்பார்கள்.

மருந்துச் சீட்டு என்கிறாய். அந்தப் பட்டியலில் பாதிப் பேர் சீட்டே அச்சடிக்கப்படாத காலத்து ஆட்கள். ஆட்டிசத்தை விவரித்து லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை வந்தது 1943இல். ஹான்ஸ் ஆஸ்பெர்கருடையது 1944இல். அவர்களுக்கும் முன்னால், 1925இலேயே, க்ரூன்யா சுகரேவா என்ற சோவியத் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி ஏறக்குறைய இதையே எழுதியிருந்தார். பல பத்தாண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் மெல்வில்லின் கதையில் வரும் பார்ட்டில்பி 1853. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே இருக்கும் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு, எதைச் செய்யச் சொன்னாலும் அமைதியாக மறுக்கும் அந்த எழுத்தர். ஹோம்ஸ் வந்தது 1887இல். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பான். ஆனால் 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தனி நூல் எழுதியிருப்பான். எழுதியவர்கள் இதையெல்லாம் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்க முடியாதல்லவா? எங்கோ ஒரு அலுவலகத்திலோ ரயில் பெட்டியிலோ அப்படி ஒரு ஆளைப் பார்த்திருப்பார்கள்.

(தமிழில் இதை மதியிறுக்கம் என்கிறார்கள். முப்பது வருடம் புரூஃப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்தச் சொல்லை யாராவது அடித்துவிட்டால் தேவலை. யாருடைய மதி இறுகிக் கிடக்கிறதாம்?)

விடுதியில் நமக்குள் வந்த பெரிய சண்டை நினைவிருக்கிறதா? வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் காம்யுவின் ‘அந்நியன்’ நாவல் நம் அறைக்கு வந்த வாரம். “இவன் மனிதனே இல்லை, பெற்ற தாய் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை” என்றாய். நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். “மரப்பாச்சி, நீயாவது ஏதாவது சொல்லேன்” என்று உலுக்கினாய். அன்றுதான் அந்தப் பெயர் எனக்கு நிலைத்தது.

அப்போது எனக்குச் சொல்லத் தெரியாததை இப்போது சொல்கிறேன். கதாநாயகன் மெர்சோ அம்மாவின் உடலுக்குப் பக்கத்தில் இரவு முழுக்க விழித்திருக்கிறான் அல்லவா, அந்த அறை வெள்ளை. விளக்கு கண்ணைக் கூசுகிறது. ஒன்றையாவது அணைக்கலாமா என்று காவலாளியைக் கேட்கிறான். முடியாது, எரிந்தால் எல்லாம் எரியும், அணைந்தால் எல்லாம் அணையும், இணைப்பே அப்படி என்று பதில் வருகிறது. இன்னொரு இடம். அலுவலகத்தில் மதியம் கை கழுவித் துடைப்பது அவனுக்குப் பிடிக்கும், சாயங்காலம் பிடிக்காது. எல்லோரும் துடைத்துத் துடைத்து அந்தத் துண்டு சொட்டச் சொட்ட ஈரமாகியிருக்கும். முதலாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறான். வருத்தம்தான், ஆனாலும் இதெல்லாம் ஒரு சின்ன விஷயம் என்கிறார் அவர்.

எனக்கு அந்தப் புத்தகமே அந்தத் துண்டுதான். நீ கண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தாய், நான் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக மெர்சோவுக்கு ஆட்டிசம் என்று சொல்லமாட்டேன். உன் சின்னவளின் பட்டியலில் அவன் இருந்தால் அடித்துவிடச் சொல். அவன் ஒருவனைச் சுட்டுக் கொன்றவன். முதலில் ஒரு குண்டு, கொஞ்சம் பொறுத்து நான்கு. செத்தவனுக்குக் கதையில் ஒரு பெயர்கூட இல்லை. அந்தப் பாவத்தைக் கொண்டுபோய் என் மகளைப் போன்றவர்கள் தலையில் கட்டவேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் உன் கட்சி.

ஆனால் அதே கதையில் இன்னொருத்தி இருக்கிறாள். நீ மறந்திருப்பாய், எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் மெர்சோவின் மேஜைக்கு வந்து, உட்காரலாமா என்று கேட்டு உட்காரும் குட்டைப் பெண். சாப்பாடு வருவதற்கு முன்பே ஒரு துண்டுத்தாளில் மொத்தக் கணக்கையும் கூட்டிப் பார்த்து, இனாமையும் சேர்த்துச் சரியான காசை எடுத்து முன்னால் வைத்துவிடுவாள். பிறகு ஒரு நீலப் பென்சிலை எடுத்து, அந்த வாரத்து வானொலி நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் குறியிட ஆரம்பிப்பாள். சாப்பிட்டு முடியும்வரை அதே வேலை. அப்புறம் எழுந்து, இயந்திரம் மாதிரி மேல்சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள். மெர்சோ கொஞ்ச தூரம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். விந்தையான பெண் என்று நினைக்கிறான், மறந்துபோகிறான்.

அவளால் கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. யாரையும் காப்பாற்றுவதில்லை, எந்த மர்மத்தையும் அவிழ்ப்பதில்லை. அதனால்தான் அவளை இவ்வளவு பிடித்திருக்கிறது. கடைசியில் நீதிமன்றத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அவள் வந்து உட்கார்ந்து மெர்சோவையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள். ஏன் வந்தாள், என்ன நினைத்தாள் என்று காம்யு சொல்லவே இல்லை. புரை எடுத்துப் படுத்திருந்த பத்து நாளும் நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஸ்டார் டிரெக்’ தொடர்களில் வரும் வேற்றுக்கிரகத்து ஸ்போக்கையும் இயந்திர மனிதன் டேட்டாவையும் என் மகளுக்குப் பிடிக்கும். எனக்கு மனம் ஒட்டவில்லை. ஒருவர் நேராகப் பேசினால் அவரை வேறு கிரகத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டுமா? 2007இலிருந்து 2019வரை ஓடிய ‘தி பிக் பேங் தியரி’ என்ற தொலைக்காட்சித் தொடரில் ஷெல்டன் என்று ஒருவன். கதவை மூன்று தடவை தட்டி, ஒவ்வொரு தடவையும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். பன்னிரண்டு பருவம் எடுத்தவர்கள் அவனுக்கு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. பெயரைச் சொல்லிவிட்டால் சிரிப்பவர்களுக்குக் கூச்சம் வந்துவிடுமே! மகளிடம் இதைச் சொன்னேன். “அவனுக்கு வேலை, நண்பர்கள், கல்யாணம், நோபல் பரிசு எல்லாம் கிடைக்கிறதேம்மா, நீ ஏன் வருத்தப்படுகிறாய்?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெயரை ஒட்டினால் மட்டும் என்ன ஆகிறது? மார்க் ஹேடனின் 2003 நாவலில் கிறிஸ்டோஃபர் என்ற பையன் வருகிறான். வரிசையாக நான்கு சிவப்புக் கார்களைப் பார்த்தால் அவனுக்கு அன்று நல்ல நாள், நான்கு மஞ்சள் என்றால் கெட்ட நாள். ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு அப்போது ஆஸ்பெர்கர் என்று பெயர். கதைக்குள் எங்கேயும் அந்தச் சொல் கிடையாது. அட்டையில் போட்டார்கள். அட்டையில் வந்ததற்காகப் பின்னால் ஹேடனே வருத்தப்பட்டார். அதற்குள் அந்தப் பையன் ஒரு நோய்க்கே பிரதிநிதி ஆகிவிட்டிருந்தான்.

நீ படிக்க வேண்டியது சயாகா முராட்டா 2016இல் எழுதிய ஜப்பானிய நாவல். அதில் கெய்கோ என்ற பெண், வயது 36, பதினெட்டு வருடமாக ஒரே கடையில் பகுதிநேர வேலை. சின்ன வயதில் பள்ளியில் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். யாராவது நிறுத்துங்கள் என்று எல்லோரும் கத்துகிறார்கள். இவள் ஒரு மண்வெட்டியை எடுத்துவந்து ஒருவன் தலையில் போடுகிறாள். சண்டை நின்றுவிடுகிறது. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன், எதற்குத் திட்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரிவதில்லை. அப்புறம் கடை வேலைக்குப் போகிறாள். வாடிக்கையாளரை எப்படி வரவேற்க வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். மனிதர்களிடம் எப்படி இருப்பது என்று முதன்முதலாக ஒருவர் எழுத்தில் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். உடன் வேலை செய்பவர்களின் பேச்சையும் உடுப்பையும் பார்த்துப் பார்த்துத் தனக்கு ஒரு குரலைச் செய்துகொள்கிறாள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. உன் சிரிப்பை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், எலி. முதல் வருடம், விடுதிக் கண்ணாடி முன்னால். உனக்குத் தெரியுமா?

கெய்கோவின் தங்கை அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் சொல்ல அவளுக்குப் பொய்கள் தயாரித்துக் கொடுக்கிறாள். அதே தங்கைதான் ‘எப்போது உனக்குச் சரியாகும்’ என்று அழுகிறாள். பெயர் இல்லாமல் இருப்பதன் வலி இதுதான் என்று மகள் சொன்னாள். பெயர் இருந்திருந்தால் தங்கை சரியாவதற்காகக் காத்திருக்கமாட்டாளாம். எனக்குத் தெரியவில்லை. பெயர் வந்திருந்தால் முராட்டா அந்தக் கடையின் சத்தங்களை இவ்வளவு அருகில் உட்கார்ந்து எழுதியிருப்பாரா என்றும் தோன்றுகிறது. சில்லறைக் காசு குலுங்குவதை வைத்தே வாடிக்கையாளர் என்ன வாங்கப்போகிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

‘குறிப்பிற் குறிப்புணரா வாயின் உறுப்பினுள் என்ன பயத்தவோ கண்.’ பள்ளியில் இந்தக் குறளை ஒப்பித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், இது எதற்கு இருக்கிறது என்று. அது அமைச்சர்களுக்குச் சொன்னது, விடுதிப் பெண்களுக்கு இல்லை என்று பின்னால் சமாதானம் செய்துகொண்டேன். டேமியன் மில்டன் என்று ஒருவர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012இல் எழுதிய கட்டுரையை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். இவர்களுக்கு மற்றவர்கள் புரியவில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு மட்டும் இவர்கள் புரிகிறார்களா என்று கேட்கிறார். கணக்கில் இரண்டு பக்கமும் வரவேண்டும் அல்லவா?

ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். மூமின் என்ற பிராணியைப் பற்றிய குழந்தைக் கதைகளில் ஹெமுலன் என்று இன்னொரு பிராணி தபால்தலை சேர்க்கும். டோவே யான்சன் 1948இல் எழுதியது. ஒருநாள் உலகத்தில் இருக்கிற அத்தனை தபால்தலையும் சேர்ந்துவிடுகிறது. அன்றைக்கு உட்கார்ந்து சோகப்படுகிறது, இனி நீ சேகரிப்பவன் இல்லை, வெறும் சொந்தக்காரன்தான் என்று மூமின் அதற்குப் புரியவைக்கிறது. கடைசிப் புரூஃபைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஹெமுலன் செடிகளுக்குத் தாவிவிட்டது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. தற்சமயம் மருந்து அட்டைகளில் இருக்கும் அச்சுப்பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அப்பா இறந்த அன்று நீ வந்திருந்தாய். நான் அழவில்லை. கூடத்துக் குழல் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எட்டு மினுக்கல், ஒரு நிறுத்தம், மறுபடி எட்டு. அதை யாராவது அணைத்தால் அப்பாவை நினைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் பார் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. நீ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்த விளக்கின் ஸ்டார்ட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய்.

அது இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை, விளக்கைக்கூடப் பார்க்கவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது? முழங்கால் சரியானதும் எழுது.

உன்,
மரப்பாச்சி