ஸ்கேன் படம் நோயாளிக்கு முன்னே போய்ச் சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மாதம் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் தந்தைக்கு, எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில் மூளை சிடி ஸ்கேன் எடுத்து, மேல்சிகிச்சைக்காக நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பின் நள்ளிரவில் போய்ச் சேர்ந்தோம். பணியிலிருந்த மருத்துவர் பிலிமை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குறுந்தகட்டைக் கேட்டார். கொடுத்தோம், அங்கிருந்த கணினியில் அதைப் போடும் வசதியே இல்லை. மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். நாற்பது நிமிடம் போயிற்று.

அந்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. பிலிமில் இருப்பவை, ஸ்கேன் எடுத்தவர் தேர்ந்தெடுத்த வெளிச்ச அளவில் அச்சான படங்கள் மட்டுமே. மூலக் கோப்பிலோ ஆயிரக்கணக்கான சாம்பல் படிநிலைகள் இருக்கின்றன. அளவை மாற்றி மாற்றிப் பார்த்தால் அதே ஸ்கேனில் மண்டையோட்டின் மெல்லிய விரிசலும் உள்ளே கசிந்த இரத்தமும் தெளிவாகத் தெரியும். பிலிமை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மிஞ்சிய விவரமும் மங்கிவிடும். தலைக்காயத்துக்குச் சில மணி நேரம் கழித்து மறு ஸ்கேன் தேவைப்படுவது உண்டுதான். ஆனால் கசிவு கூடியிருக்கிறதா என்று சொல்ல முதல் ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும். எங்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. தவிர, ஒரு மூளை சிடி ஸ்கேனின் கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்ரேயைப் போலப் பல மடங்கு.

இத்தனைக்கும், படங்களைச் சேமித்துப் பகிர்வதற்கான 'பேக்ஸ்' அமைப்பு இன்று பல மருத்துவமனைகளில் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்த படத்தையும் வேறொரு கணினியில் திறக்க உதவும் 'டைகாம்' தரநிலை 1993-லேயே வந்துவிட்டது. நோயாளியின் ஒப்புதலோடு மருத்துவ ஆவணங்களைப் பகிர்வதற்கென்றே 14 இலக்க 'ஆபா' எண்ணும் தரப்படுகிறது. இவ்வளவு இருந்தும், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும் நோயாளியின் உறவினர்தான் பெரிய உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏற வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஒரு நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும் எந்த மருத்துவமனையும், ஆம்புலன்ஸ் புறப்படும் முன்பே மூலப் படங்களை அடுத்த மருத்துவமனைக்கு இணையவழி அனுப்பிவிட்டு, அனுப்பிய விவரத்தைப் பரிந்துரைச் சீட்டில் குறிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். டைகாம் கோப்புக்குள்ளேயே நோயாளியின் பெயரும் வயதும் பதிவாகியிருக்கும் என்பதால், யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற பதிவும் கட்டாயம் இருக்க வேண்டும். அவசரமற்ற ஸ்கேன்களுக்கும் பிலிமோடு மூலக் கோப்பைத் தரவிறக்கும் இணைப்பை, நோயாளி கேட்காமலேயே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்