மலருக்கு, அந்த டெஸ்ட் விஷயமாக

மலர்க் கண்ணு,

என் சினைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணுப் பழுது உனக்கும் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டைப் பற்றி, நேற்று போனில் "டெஸ்ட் எடுத்து என்னம்மா ஆகப்போகுது" என்று கேட்டாய். மாத்திரை போட்ட குமட்டலில் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி முழுக்க அதே யோசனை, அதனால் எழுதுகிறேன்.

அச்சகத்தில் 26 வருஷம் புரூஃப் பார்த்தவள் நான், டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு அந்த வழியில்தான் புரிந்தது. செல்லுக்குள் நம் உடம்பின் குறிப்பெல்லாம் எழுத்து எழுத்தாக இருக்கும் இரட்டை இழைதான் டிஎன்ஏ. அது கல்வெட்டு மாதிரி அசையாமல் கிடக்கும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள். டோமஸ் லிண்டால் என்ற சுவீடன்காரர்தான் 1970களில், வெறும் உடம்புச் சூட்டிலும் தண்ணீரிலுமே அது சிதைகிறது, ஒரு செல்லில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான எழுத்து உதிர்கிறது, அப்படியானால் உள்ளே திருத்துகிற வேலை ஓயாமல் நடந்தாக வேண்டும் என்று காட்டினார். 2015ல் அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒரு எழுத்து போனால் எதிர் இழையைப் பார்த்துப் போட்டுவிடலாம். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் ஆபத்து, புரூஃப் தாள் குறுக்கே கிழிந்த மாதிரி. அவசரத்துக்குக் கிழிந்த ஓரங்களைச் சேர்த்து ஒட்டலாம், ஆனால் கிழிசலில் இரண்டு மூன்று எழுத்து போயிருக்கும், சில சமயம் வேறு பக்கத்துத் துண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். சரியான வழி, அதே பக்கத்தின் இன்னொரு படியைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுவது. செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏவைப் படி எடுக்கிறதே, அந்தப் படிதான் இதற்கு மூலம். இந்த வேலைக்கு வேண்டிய புரதங்களில் ஒன்றைத் தருவது பிஆர்சிஏ1 மரபணு. அது எல்லோருக்கும் இரண்டு இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. எனக்கு அதில் ஒன்று பிறவியிலேயே பழுது. மற்றது நன்றாக இருக்கும்வரை செல் சமாளிக்கும், எங்கோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால் அப்புறம் வெறும் ஒட்டுவேலைதான், பிழை மேல் பிழை. என் சினைப்பையில் நடந்தது அதுதான் கண்ணு.

நான் போடும் ஒலாபரிப் மாத்திரை அந்தப் பலவீனத்தைத்தான் பிடிக்கிறது. ஒற்றை இழை அறுந்தால் சரிசெய்ய உதவும் பார்ப் என்ற புரதத்தை அது முடக்கிவிடும், செல் பிரிவதற்காகப் படி எடுக்கும்போது அந்தச் சின்ன அறுப்பே இரட்டை அறுப்பாகிவிடும். நல்ல செல் படியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும், புற்றுச் செல்லுக்கு அந்த வழி கிடையாது, செத்துப்போகும். முதல்முறை இதைக் கேட்டபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, ஒரு வேளைகூட விட்டதில்லை.

இது என் அப்பா வழியில் வந்தது. என் அத்தை இரண்டு பேரும் மார்பில் கட்டி வந்து ஐம்பதைத் தாண்டாமல் போனார்கள். அப்பா வழி நோய் பெண்ணுக்கு வராது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள், அது தப்பு. உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, தம்பிக்கும் அப்படியே. அவனிடம் பேசிவிட்டேன். உனக்கு இருந்தால் வருஷா வருஷம் மார்பை எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். சினைப்பைக்கு நம்பகமான சோதனை கிடையாது, அதனால் பிள்ளை பெற்று முடித்தபின் 35லிருந்து 40 வயதுக்குள் சினைப்பையையே எடுத்துவிடச் சொல்வார்கள். உனக்கு இப்போது இருபத்தொன்பதுதான், நிதானமாக முடிவெடுக்கலாம்.

என் ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று அதில் போட்டிருக்கிறது, லேபில் கொடுத்தால் உனக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும். மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போகிற அன்று சொல், நானும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அம்மா